குறுக்கே அடித்த நான்கு வரிகள்

இன்று மாலை கணிதத் தேர்வு. எனக்கு மூன்றாவது முறை, கடைசி முறையும்கூட. இதிலும் தவறினால் மாலை வகுப்புப் பட்டயப் படிப்பிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார்கள். நாற்பது வாங்கினால் போதும்.

ஏழாவது கேள்விக்குப் பத்து மதிப்பெண். சைன்(x+60°) + சைன்(x−60°) என்பதைச் சுருக்க வேண்டும். கூட்டல் சூத்திரத்தைப் போட்டு விரித்தேன். காஸ் x வந்த இரண்டு உறுப்புகளும் ஒன்றையொன்று நீக்கிக்கொண்டன. மிச்சம் 2 சைன் x காஸ் 60°. காஸ் 60° என்பது பாதி. ஆக, வெறும் சைன் x. நான்கே வரி.

உடனே சந்தேகம் பிடித்துக்கொண்டது. எனக்கு எது இத்தனை சுலபமாக வந்திருக்கிறது? தொழிற்சாலையில் பற்சக்கரங்களை அளப்பது என் வேலை. இரண்டாம் முறை பார்க்காமல் எந்த அளவையும் ஏட்டில் எழுத மாட்டேன். அதே பழக்கத்தில் xக்கு 17 என்று வைத்து கால்குலேட்டரில் தட்டினேன். கேள்வியில் இருந்த கோவைக்கு 1.8313 வந்தது, சைன் 17க்கு −0.9614. மறுபடி தட்டினேன். அதேதான். நான்கு வரிகளையும் குறுக்கே அடித்தேன். வேறு வழி தேடிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது.

வராந்தாவில் ஒட்டகம் நின்றிருந்தான். லிஃப்ட் பழுதுபார்ப்பவன், என் பெஞ்சுக்காரன். அவன் உயரத்தைப் பார்த்து வகுப்பு வைத்த பெயர்.

“ஏழாவது, சைன் x தானே?”

“இல்லப்பா, ஒத்து வரல. கால்குலேட்டர்ல போட்டுப் பார்த்தேன்.”

“உன்னை விட அதை நம்பினியாக்கும். கொடு இங்க.” வாங்கிப் பார்த்தவன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான். “தாயே, இது ரேடியன்ல கிடக்கு. டிகிரி கேட்டா வேற ஊர் பதில்தான் சொல்லும்.”

ஐந்தாவது கேள்வி வில்லின் நீளம். அதற்காக நானே கோண அளவை டிகிரியிலிருந்து ரேடியனுக்கு மாற்றி வைத்தேன். திருப்ப மறந்திருக்கிறேன்.

ஓடினேன். கண்காணிப்பாளர் விடைத்தாள் கட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

“சார், ஒரே வரி சார். அடிச்சது செல்லும்னு மட்டும் எழுதிக்கிறேன்.”

“கட்டியாச்சும்மா. அடிச்ச விடையைத் திருத்த மாட்டாங்க. வீட்டுக்குப் போ.”

பேருந்தில் மற்ற கேள்விகளின் மதிப்பெண்களை மூன்று முறை கூட்டினேன். தாராளமாகப் போட்டாலும் முப்பத்து மூன்றுதான்.

அக்கா கதவைத் திறந்தாள். “ஒரு வழியா முடிஞ்சுதா? இனிமே சாயங்காலம் நேரத்தோட வந்துடுவ” என்றாள், சந்தோஷமாக.

வந்துவிடுவேன் என்றேன். நாளை ஐந்து மணிக்கு வேலை முடியும். அதன்பிறகு எனக்குப் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை.