பதினோராம் நாள் காய்ச்சல்

ஜப்பானின் மட்சுயாமாவில் நகரப் பேருந்து ஓட்டும் ஹிரோமுவுக்கு நாற்பத்தோரு வயதில் பெருங்குடல் புண் நோய் வந்தது. மூன்று மாதமாக வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் இபுகி, மெசலாசின் மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

“இந்த நோய்க்கு முதல்ல குடுக்குறது இதுதான். பெரும்பாலும் ஒத்துக்கும்.”

ஹிரோமு ஒரு வேளைகூடத் தவறவில்லை. ஒரே வாரத்தில் ரத்தமும் போக்கும் குறைந்தன. டிப்போ ஆட்களோடு உட்கார்ந்து மறுபடி உதோன் நூடுல்ஸ் சாப்பிட்டார்.

பதினோராம் நாள் காய்ச்சல் அடித்தது. முப்பத்தெட்டரை டிகிரி செல்சியஸ். வயிற்றுப்போக்கும் முன்னைவிட மோசமாகத் திரும்பியது.

“உதோன்ல மிளகாய்த்தூளக் கொட்டியிருப்பீங்க,” என்றாள் மனைவி மிஹோகோ.

“ஒரு சிட்டிகைகூடப் போடல.”

“அப்ப பொரிச்ச மீன் அடை?”

“ஒரே ஒரு துண்டு.”

“உங்க ஒரு துண்டு எனக்குத் தெரியாதா?”

அன்றிலிருந்து வெறும் கஞ்சி. காய்ச்சல் விடவில்லை. நோய் முற்றிவிட்டதா, ஊரில் பரவும் சளிக்காய்ச்சலா, ஹிரோமுவுக்குப் புரியவில்லை. நோய்தான் என்று பயந்து மாத்திரையை இன்னும் கவனமாக விழுங்கினார்.

சனிக்கிழமை தொடங்கித் திங்கள்வரை தொடர் விடுமுறை, டாக்டரின் மருத்துவமனை பூட்டியிருந்தது. அன்று வாந்தியும் சேர்ந்துகொள்ள, இரண்டு நாள் மாத்திரை உள்ளே போகவில்லை. திங்கள் காலை காய்ச்சலைக் காணோம். வயிறும் அடங்கியிருந்தது. அவருக்குக் குழப்பம்தான் கூடியது.

“மருந்து போடாமலே சரியாயிடுச்சே?”

“அப்ப போடாதீங்க.”

“விட்டா ரத்தம் திரும்ப வரும்னாரே டாக்டர்.”

குற்ற உணர்வோடு மதியம் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். சாயங்காலம் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. முப்பத்தொன்பது.

மிஹோகோ காய்ச்சல் குறித்துவைத்த தாளை அவர் முன்னால் நீட்டினாள். “பாருங்க. போட்டா ஏறுது, விட்டா இறங்குது.”

“புண்ண ஆத்துற மருந்து எப்படிடி வயித்தக் கெடுக்கும்?”

மிஹோகோ போனை எடுத்தாள். மருந்துக்கடை ஒகிதா அம்மாவின் அவசர எண்ணுக்குப் பேசினாள்.

“அடுத்த வேளை போட வேண்டாம். காலையில முதல் ஆளா டாக்டரப் பாருங்க,” என்றார் ஒகிதா. “காய்ச்சல் இன்னும் ஏறினாலோ ரத்தம் நெறைய போனாலோ காத்திருக்காதீங்க, உடனே பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போயிடுங்க.”

மறுநாள் டாக்டர் ரத்தமும் மலமும் பரிசோதித்தார். கிருமி இல்லை. மிஹோகோவின் காய்ச்சல் தாளை வரிவரியாகப் பார்த்தார்.

“மருந்துதான்னு நினைக்கிறேன். சிலர் உடம்புக்கு இது ஆகாது. அறிகுறியெல்லாம் அப்படியே நோய் மாதிரி இருக்கறதால எங்களுக்கே பிடிபடாது. காய்ச்சல் வந்தா கூப்பிடுங்கன்னு நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். மன்னிச்சுக்குங்க.”

“அப்ப முதல் வாரம் நல்லா இருந்தது?”

“அதுவும் நெஜம்தான். முதல்ல புண்ண ஆத்துச்சு, அப்புறம்தான் உடம்பு அத எதிர்க்க ஆரம்பிச்சுது.”

மெசலாசினை இனித் தொடவே கூடாது என்றார். பதிலுக்கு ஸ்டீராய்டு கொடுத்து, இதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது என்றார். இரண்டு கட்டளைகளையும் முணுமுணுத்துக்கொண்டே ஹிரோமு வீடு வந்தார்.

ரத்தம் மூன்று வாரத்தில் நின்றது. முகம் உப்பியது, தூக்கம் போனது. “இது நோயா, மருந்தா?” என்று தினமும் கேட்பார். “மருந்து. டாக்டர் சொன்னாருல்ல,” என்பாள் மிஹோகோ. அளவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். முக வீக்கமும் வடிந்தது.

இரண்டு மாதம் கழித்து மறுபடி வண்டி எடுத்த முதல் காலை, கடைசி நிறுத்தத்தில் வயிறு சத்தம் போட்டது. ஹிரோமு உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார். வலியா? இல்லை. காய்ச்சலா? நெற்றி குளிர்ச்சியாகத்தான் இருந்தது. மிஹோகோவுக்குப் போன் போட்டார்.

“காலையில என்ன சாப்பிட்டீங்க?”

“பதட்டத்துல ஒண்ணும் சாப்பிடல.”

“பசிங்க அது.”

மதியத்துக்குக் கட்டிவந்த சோற்று உருண்டையைப் பிரித்துப் பாதி தின்றார். சத்தம் நின்றது. இருந்தும் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினார்.