நானாகத்தான் உட்கார்ந்தேன்

நானாகத்தான் உட்கார்ந்தேன். இதைச் சொன்னால் போதும். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை, கட்டிப்போடவில்லை. பொய் ஏதும் இல்லையே இதில்? சொல்லிவிட்டால் தீபிகாவின் முகம் தெளிந்துவிடும். சுவாதி நிம்மதியாக மூச்சுவிடுவாள். மூன்று மாதமாக எனக்குள் கிடப்பது அப்போதும் அங்கேயேதான் கிடக்கும். ஆனால் அது அவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

"என்னடி சத்தத்தையே காணும்? பிள்ளைங்ககிட்ட கத்திக் கத்தித் தொண்ட போச்சா?" தீபிகா வண்டியை ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் பார்த்துக் கேட்டாள்.

"தலவலி" என்றாள் இளமதி.

கார் ஆலப்பாக்கத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. சிதம்பரத்தில் ஒரு ஓட்டல் மண்டபத்தில், கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள் கூடிச் சாப்பிடுவதாக ஏற்பாடு. அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் இருக்கும் தீபிகா, மண்டபத்துக்கு ஆட்டோவில் பத்து நிமிடத்தில் போயிருக்கலாம். அவள் கடலூர் வரை வந்து, மஞ்சக்குப்பத்தில் சுவாதியை ஏற்றிக்கொண்டு, முதுநகரில் இளமதியின் அண்ணன் வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்தாள். இத்தனை வருடப் பழக்கத்தில் அவள் அப்படி வந்ததே இல்லை. அந்த ஹாரன் சத்தத்திலேயே ஏதோ கேட்கப்போகிறாள் என்று இளமதிக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். இறங்கும்போது இடது காலின் கடைசி இரண்டு விரல்களும் படியைத் தொட்டதா இல்லையா என்று வழக்கம்போலக் குனிந்து பார்த்துக்கொண்டாள். அவற்றில் இன்னும் உணர்ச்சி திரும்பவில்லை.

கேட்டும்விட்டாள். ஆலப்பாக்கம் வருவதற்குள்.

"சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெயப்பிரகாஷ் ஆளாளுக்கு மைக் குடுப்பான். நீ ரெண்டு நிமிஷம் பேசு. பனி எப்படி இருந்துச்சு, எவ்ளோ ஜாலியா இருந்துச்சுன்னு. அப்பறம், 'கால் வலிச்சுது, நானாதான் உக்காந்துட்டேன், இவுங்க மேல ஒண்ணுமில்ல'ன்னு ஒரு வார்த்த. அவ்ளோதான்."

"அத எதுக்கு அங்க?"

"எவளோ கெளப்பிவிட்டிருக்காடி, நான் உன்னப் பனியில உட்டுட்டு வந்துட்டேன்னு. வர்ற மே மாசம் நான் கூட்டிட்டுப் போறதுக்குப் பதினாலு பேரு வரேன்னு சொல்லியிருக்காங்க. எல்லாம் நம்ம பொண்ணுங்க. இப்ப வீட்டுக்காரனுங்க யோசிக்கிறானுங்க. நீ சொன்னா முடிஞ்சுது."

நீ சொன்னா முடிஞ்சுது. எது முடியும் என்று இளமதி யோசித்தாள்.

அவளுக்கு இந்த இரண்டு பேரைத் தவிர வேறு யாரும் இல்லை. அண்ணன் வீட்டில் அவள் கல்யாணமாகாத தங்கை. பள்ளியில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து, "ஏய், செத்துட்டியா இருக்கியா?" என்று கேட்க இவர்கள் மட்டும்தான் இருந்தார்கள். கத்திரி வெயிலில் கடலூர் கொதித்துக்கொண்டிருந்தபோது, "வாடி, பனியில போய் உருளலாம்" என்று தீபிகா கூப்பிட்டவுடன் மறுபேச்சில்லாமல் கிளம்பியதும் அதனால்தான்.

இமாச்சலத்தில் மே மாதக் கடைசி. கீழே ஆப்பிள் மரங்களில் பிஞ்சு பிடித்திருந்தது. மேலே முகட்டில் மட்டும் போன பருவத்துப் பனி கரையாமல் கிடந்தது. சுவாதி முதல் கைப்பிடியை அள்ளியவுடன், "ஃப்ரீசர்ல சுரண்டுற மாதிரியே இருக்குடி!" என்று கூவினாள். இளமதிக்குத் துறைமுகம் நினைவுக்கு வந்தது. படகில் ஏற்றுவதற்காக ஐஸ் பாரை இயந்திரத்தில் போட்டு உடைக்கும்போது விழும் தூள். மீன் பெட்டிக்குள் அடுக்குக்கு அடுக்கு போடுகிற அதே தூள், ஒரு மலை முழுக்க. அவள் அதைச் சொன்னபோது தீபிகா, "கவிச்சி அடிக்குதா பாரு" என்று சிரித்தாள். மூன்று பேருமே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு உண்மையானது. அதை நினைத்தால்தான் இன்னும் கசந்தது.

மொத்தம் பதினைந்து பேர் கொண்ட கூட்டம். வழிகாட்டி முன்னால் பனியில் கால் வைக்கப் படி வெட்டிக்கொண்டே போனார். கடைசியில் வர வேண்டிய உதவியாளர், வாந்தியெடுத்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு கீழே கூடாரத்துக்கு இறங்கும்படி ஆகிவிட்டது. போகும்போது அவர் தீபிகாவிடம், பின்னால் வருகிறவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இந்தியில் சொன்னார். தீபிகா பெருமையாகத் தலையாட்டி, அதை இவர்களுக்குத் தமிழில் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் இளமதியின் கால் ஒரு படியில் சறுக்கியது. முழங்கால் திருகிக்கொண்டது. எழுந்து நிற்க முடிந்தது. ஏற முடியவில்லை. கத்தினாள். காற்று அந்தச் சத்தத்தை வேறு பக்கம் கொண்டுபோனது. மற்றவர்கள் உச்சிக்குப் பக்கத்தில் சின்னச் சின்னதாகத் தெரிந்தார்கள். அவள் கழுத்தில் சுற்றியிருந்த சிவப்புத் துண்டை அவிழ்த்து, ஊன்றுகோலின் நுனியில் கட்டி, தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள்.

கடலோரத்தில் பிறந்த யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. எஞ்சின் நின்றுபோன படகில் துடுப்பின் நுனியில் துணி ஆடும். பார்த்த படகிலிருந்து ஒருவன் கையைத் தூக்குவான். தூக்கிவிட்டால், வலையை அறுத்துப்போட்டாவது வந்தாக வேண்டும். வராதவனை ஊர்ப் பஞ்சாயத்தில் நிறுத்திக் கேட்பார்கள். துணி ஆட்டியவன் நங்கூரத்தைப் போட்டுவிட்டு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். நகர்ந்தால், தேடி வருகிறவன் வெறும் தண்ணீரைத்தான் பார்ப்பான்.

முகட்டின் மேல் நீல ஜாக்கெட் போட்ட உருவம் ஒன்று நின்று திரும்பியது. தீபிகாதான். கையைத் தூக்கினாள்.

இளமதி உட்கார்ந்தாள்.

அவ்வளவுதான் நடந்தது. அவளுக்கு அப்போது பயமே இல்லை. ஷூவுக்குள் பனி உருகி ஈரம் ஏறியதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஈரக்கால் மீனவர் வீட்டில் எந்த நாளில் புதுசு? தீபிகா கை தூக்கிவிட்டாள், வந்துவிடுவாள் என்று முட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். மூடுபனி வந்தது. முகடு மறைந்தது. தன் பக்கத்தில் கிடந்த ஊன்றுகோல் மறைந்தது. கீழே போகும் காலடித் தடங்கள் அதற்குச் சற்று முன்புவரை தெரிந்துகொண்டிருந்தன, தவழ்ந்தாவது இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. நகர்ந்தால் அவர்கள் ஏமாந்துவிடுவார்களே என்று அவர்களுக்காகக் கவலைப்பட்டாள். பொழுது சாயும் நேரத்தில் கூடாரத்திலிருந்து மேலே வந்த உதவியாளர் அவளைக் கண்டு கன்னத்தில் தட்டியபோது, "தீபி?" என்றுதான் கேட்டாள்.

புதுச்சத்திரத்தில் டீக்கடை ஓரமாகக் காரை நிறுத்தினார்கள். சுவாதி மூன்று டீ வாங்கி வந்தாள்.

"எங்களுக்கு எப்படிடி தெரியும்?" தீபிகா விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். "நீ அங்கேர்ந்து டாட்டா காட்டுறன்னு நெனச்சோம். நானும் டாட்டா காட்டுனேன்."

இளமதி டீயை ஊதினாள். தீபிகா எங்கள் படகில் வந்திருக்கிறாள் என்று நினைத்தாள். இரண்டாம் வருடம் படிக்கும்போது. பொம்பளைங்களை எதுக்குப் போட்டில் ஏத்துற என்று முனகியவர்களை மீறி அப்பா பக்கிரி இவர்களைக் கூட்டிப்போனார். பாதிக் கடலில் எஞ்சின் நின்றது. தலைத்துண்டைத் துடுப்பில் கட்டி அப்பா ஆட்டினார். தூரத்துப் படகில் ஒரு கை உயர்ந்ததும் நங்கூரத்தைப் போட்டுவிட்டு பீடி பற்றவைத்தார். அழுதுகொண்டிருந்த தீபிகாவிடம், "அதான் கை தூக்கிட்டான்ல பாப்பா, இனிமே அவன் பொறுப்பு" என்றார். விடுதியில் அந்தக் கதையைத் தீபிகா எத்தனை முறை சொன்னாள்! அப்பாவின் குரலில், இல்லாத பீடியை உதட்டில் வைத்துக்கொண்டு. புதிதாக யார் அறைக்கு வந்தாலும் சொன்னாள். அப்பா இறந்த அன்றுகூட, துக்கத்துக்கு வந்தவர்களிடம் அதைச் சொல்லி அழுதாள்.

"நான் சொன்னேன்ல தீபி" என்றாள் சுவாதி மெதுவாக. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "துணிய கட்டி ஆட்டுறாடி, அவுங்க அப்பா மாதிரின்னு."

தீபிகா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "நீ சும்மா இருக்க மாட்டியா?"

"சொன்னேன்னுதான் சொன்னேன்."

ஒரு பேருந்து ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது.

"சரி, சொன்னா. இப்ப என்ன?" தீபிகாவின் குரல் ஏறியது. "உச்சி அதோ, கைக்கெட்டுற தூரத்துல. மூடுபனி வருது, இப்ப ஏறுனாத்தான் உண்டுன்னு கைடு அவசரப்படுத்துறாரு. தொட்டுட்டு வந்து உன்னப் பாக்கலாம்னுதான் இருந்தேன். அவரு அந்தப் பக்கமா சுத்திக் கூடாரத்துக்கு எறக்கிக் கூட்டிட்டுப் போயிட்டாரு. நான் என்ன பண்ணட்டும்? நீயா கூடாரத்துக்கு எறங்கிப் போயிருப்பேன்னு நெனச்சேன்."

"கைடுகிட்ட சொன்னியா?"

தீபிகா டம்ளரின் விளிம்பைத் துடைத்தாள்.

"நான் அங்க இல்லன்னு எப்பத் தெரிஞ்சுது?"

"அதெல்லாம் எதுக்குடி இப்ப?"

"சொல்லேன்."

"சூப்பு குடுத்தாங்க. மூணு டம்ளர் வாங்கினேன். உன்னக் கூப்பிட்டேன்..." தீபிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உண்மையாகவே அழுதாள். "நான் என்ன வேணும்னா பண்ணேன்? பதினேழு வருஷமா பழகுறோம். என்ன உனக்குத் தெரியாதா?"

தெரியும் என்று நினைத்தாள் இளமதி. அதனால்தான் உட்கார்ந்தேன். நீ கையைத் தூக்காமல் போயிருந்தால் உன்னை மன்னித்திருப்பேன். பார்க்கவில்லை, கேட்கவில்லை, மூடுபனி என்று நானே உனக்காகக் காரணங்களை அடுக்கியிருப்பேன். இந்த மூன்று மாதமும் அதைத்தானே செய்தேன்? மறந்துபோயிருப்பாள், பாவம், அது பழைய கதை என்று. நீ மறக்கவில்லை. தெரிந்துதான் கை தூக்கினாய். என்னை அங்கே இருத்திவைத்துவிட்டு ஏறிப்போனாய்.

இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லலாம்தான். சொன்னால் தீபிகா இன்னும் அழுவாள், சுவாதி இருவரையும் கட்டிக்கொள்வாள், டீக்கடைக்காரர் வேடிக்கை பார்ப்பார். கடைசியில், "சரி விடு, நீ சொல்லுவல்ல?" என்பதில் வந்து நிற்கும்.

"டீ ஆறுது" என்றாள்.

மண்டபத்தில் குளிர்சாதனம் ஜாஸ்தியாக ஓடிக்கொண்டிருந்தது. முடி கொட்டியவர்களும் தொப்பை வைத்தவர்களும் ஒருவரையொருவர் பட்டப்பெயரில் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். இலை போட்டு அப்பளம் வைத்ததும், சோறு வரும் முன்னால் ஜெயப்பிரகாஷ் மைக்கைத் தட்டினான். கல்லூரி விழாக்களிலும் அவன்தான் தட்டுவான்.

"அடுத்து நம்ம பனிக்கரடிங்க மூணு பேரு! மச்சான், இவளுங்க வெயில் தாங்காம மலைக்கு ஓடுனாளுங்க. நம்ம பொண்டாட்டிங்களையும் இழுத்துட்டுப் போகப்போறாளுங்க. ஜாக்கிரத!"

சிரிப்பு அடங்கும் முன்பே, பரங்கிப்பேட்டையிலிருந்து வந்திருந்த மலிகா எதிர் வரிசையிலிருந்து கையை உயர்த்தினாள். கல்லூரியில் யாரிடமும் அதிகம் பேசாதவள்.

"இளமதி, நீயே சொல்லு. எனக்குப் பனிய ஒரு தடவ பாத்துரணும்னு ஆச. எங்க அவுக சவுதியிலேர்ந்து தெனம் கேக்குறாக, இந்த தீபிகா புள்ளைய நம்பிப் போகலாமான்னு. நீ போலாம்னு சொன்னா இன்ஷா அல்லாஹ் நான் வர்றேன்."

மைக் கைமாறிக் கைமாறி இளமதியிடம் வந்தது. தீபிகா பக்கத்து நாற்காலியிலிருந்து அவள் தோளில் கை வைத்தாள். சுவாதி இலையில் இருந்த அப்பளத்தை மிகச் சிறிய துண்டுகளாக உடைத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுடி" என்றாள் தீபிகா, உதடு அசையாமல். "எனக்காக."

எல்லாரும் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வராது என்பதை இளமதி தெளிவாகப் பார்த்தாள். மாடி அறை, விடைத்தாள் கட்டு, கீழே அண்ணன் பிள்ளைகளின் டிவி சத்தம். அப்படியே பல வருடங்கள். அதைத் தாங்க முடியுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. எதிரே மலிகா பதிலுக்காகச் சற்று முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

இளமதி மைக்கை ஆஃப் செய்து, தீபிகாவின் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நான் சொல்லமாட்டேன், தீபி" என்றாள். "மலிகா கேக்குறா பாரு. நீ பேசு."