முற்றத்துச் சுவர்

எண்பத்தேழு வயது மத்லேன் ஆஸ்திரேலியாவின் டண்டினொங்கில் தனியாக இருந்தார். காலையும் மாலையும் அவரைப் பராமரிக்க ரஞ்சினி போவாள்.

பிரான்ஸின் நாட்டுப்புறத்தில் மத்லேனுக்கும் அவருடைய தம்பி எத்தியேனுக்கும் பொதுவாக ஒரு பழைய கோட்டை மாளிகை இருந்தது. வட்டக் கோபுரமும் ஓவியம் தீட்டிய கூரையுமாக நானூறு வருடம் நின்றது. அதை அரசு பாதுகாக்கும் பழைய கட்டடங்களின் பதிவில் சேர்க்க எத்தியேன் விரும்பினார். அக்கா சம்மதிக்காமல் அதைச் செய்ய அவருக்கு மனமில்லை. மத்லேனோ ஒவ்வொரு முறையும் மறுத்தார்.

ஒருநாள் தொலைபேசியை வைத்துவிட்டு, ரஞ்சினியிடம் காரணத்தைச் சொன்னார். போர்க்காலத்தில் ஜெர்மன் இராணுவம் அந்த மாளிகையைப் பிடித்திருந்தது. அவருடைய அப்பாவை முற்றத்துச் சுவரோடு நிறுத்திச் சுட்டார்கள். ஆறு வயது மத்லேன் மாடி ஜன்னலில் நின்று பார்த்தார்.

"அந்த வீடு இடிந்து விழட்டும், ரஞ்சினி. அதைத்தான் நான் விரும்புகிறேன்."

அன்று இரவு ரஞ்சினி வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. கணவன் இந்திரகுமார் விசாரித்தான். அவள் சொன்னாள்.

"அது அவேன்ர குடும்ப விசயம். நீர் ஏன் அதுக்குள்ள தலையை விடுறீர்?"

"ஊரில, சண்டைக்குள்ள என்ர தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போன பள்ளிக்கூடத்தை இடிச்சுப்போட்டினம், தெரியும்தானே. நாங்கள் திரும்பிப் போய்ப் பாக்கேக்க ஒரு சுவரும் இல்லை. எந்த இடத்தில நிண்டு அழுறதெண்டு அம்மாவுக்குத் தெரியேல்லை."



"அப்ப அதை அவவுக்குச் சொல்லும்," என்றான் இந்திரகுமார்.

மறுநாள் தலை வாரிவிடும்போது ரஞ்சினி அதைச் சொன்னாள். ஆங்கிலத்தில் சொல்ல வார்த்தைகள் தடுமாறின. மத்லேன் ஒன்றும் கேட்கவில்லை. அன்று மாலை தானாகவே தம்பியை வீடியோவில் அழைத்தார். பிரெஞ்சில் நடந்த பேச்சு ரஞ்சினிக்கு விளங்கவில்லை. ஆனால் திரையில் எத்தியேன் கண்ணாடியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டதைக் கண்டாள்.

பேசி முடித்த பிறகுதான் மத்லேன் விளக்கினார். அப்பா இறந்தபோது எத்தியேன் கைக்குழந்தை. அப்பா சிறையில் நோயில் இறந்தார் என்றே அம்மா அவரை நம்பவைத்திருந்தார். மத்லேனும் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை இத்தனை வருடம் காத்து, இன்றுதான் தம்பியிடம் உண்மையைச் சொன்னார். குண்டு பட்ட ஓட்டைகள் வெறும் பழுது என்று நினைத்து, அக்கா சம்மதித்து அதிகாரிகள் வருவதற்கு முன் அந்தச் சுவரைப் பூச எத்தியேன் மேசன்மாரை ஒழுங்கு செய்திருந்தார்.

"பூச வேண்டாம் என்றேன். கோபுரத்தோடு அந்தச் சுவரையும் சேர்த்தால் நான் சம்மதம்."

பதிவு வேலை ஒரு வருடத்துக்கு மேல் இழுபட்டது. கோபுரமும் கூரையும் போதும் என்று அதிகாரிகள் முதலில் சொன்னார்கள். எத்தியேன் விடவில்லை. ஊரின் பழைய ஆட்களைத் தேடிப்பிடித்து, அன்று நடந்ததைச் சொல்லவைத்தார். கடைசியில் சுவரும் பதிவில் சேர்ந்தது.

செய்தி வந்த அன்று எத்தியேன் முற்றத்தில் நின்று அழைத்தார். மத்லேன் தொலைபேசியைச் சுவருக்குக் கிட்டக் கொண்டுபோகச் சொல்லி, வெகுநேரம் பார்த்தார். அழுதார். ஆனால் முகத்தைத் திருப்பவில்லை.

பிறகு ரஞ்சினியின் கையைப் பிடித்தார்.

"உன் தம்பியின் பெயரை நான் கேட்கவே இல்லையே."

"சுபாங்கன்."

மத்லேன் சொல்லிப் பார்த்தார். பிழையாக வந்தது. ரஞ்சினி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தாள்.