மாஸ்டர் விட்ட இரண்டு அங்குலம்

புதுச் சீருடைக் கோட்டைப் போட்டுப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடுப்பில் இரண்டு அங்குலம் கூடுதல். அது போதாதென்று, வயிறு பெருக்கப் பெருக்கப் பிரித்துவிட்டுக்கொள்ளும்படி முன்பக்கம் இரண்டு மடிப்பு வேறு. கட்டிங் மாஸ்டர் யாரையும் டேப் வைத்து அளப்பதில்லை. நடந்து போகும்போது ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்று பெருமையடித்துக்கொள்வார்.

அந்தத் தையல் கூடத்தில் தைக்கிற பாகம்தான் பெயர். அவள் காலர். பக்கத்து மெஷின்காரி பாக்கெட். மடிப்பைப் பார்த்த மாத்திரத்தில் பாக்கெட்டுக்கு விளங்கிவிட்டது.

"அடிப்பாவி, எங்கிட்டயே மறைச்சிட்டியே! எத்தன மாசம்?"

கேட்க வேண்டுமா, வரிசை முழுக்கப் பற்றிக்கொண்டது. பட்டன்காரி ஓடிவந்து துணிக்கட்டைப் பிடுங்கினாள். இன்னொருத்தி முதுகுக்கு முட்டுக்கொடுக்கத் துணிமூட்டை கொண்டுவந்தாள். வாயைத் திறக்க விட்டால்தானே!

அவளுக்கு உதிரப்போக்கு அன்றைக்குப் பதினேழாவது நாள். நாற்காலியை விட்டு எழும்போதெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. கர்ப்பப்பையில் மூன்று கட்டிகள். பெரியது சாத்துக்குடி அளவாம். பாழாய்ப்போன கட்டியைப் பழத்தை வைத்துத்தான் அளக்க வேண்டுமா? எடுத்தால்தான் பிள்ளை தங்க வழி உண்டு. எடுக்கும்போது ரத்தம் நிற்காவிட்டால் கர்ப்பப்பையையே எடுக்க நேரலாம்; அதற்குச் சம்மதம் என்று அவள் கையெழுத்திட வேண்டிய தாள் நாலு நாளாகப் பையில் கிடக்கிறது. புருஷனைக் கேட்டால் "யோசிப்போம்" என்கிறான். யோசித்து யோசித்தே அவளுக்கு முப்பத்தெட்டு ஆகிவிட்டது. இன்று சாயங்காலத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆபரேஷன் தேதி வேறொருத்திக்குப் போய்விடும்.

"காலருக்கு இனிமே ஓவர்டைம் கெடையாது, ராணி மாதிரி ஒக்காந்திருப்பா" என்று யாரோ சிரித்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"புள்ள இல்ல! கட்டி! வெறும் கட்டி! போதுமா?"

ஆளாளுக்குத் தலையைக் குனிந்துகொண்டு தைக்கத் தொடங்கினார்கள். மாஸ்டர்தான் எழுந்து வந்தார்.

"மன்னிச்சிரும்மா. கண்ணு ஏமாத்திருச்சு."

"உங்க கண்ண விடுங்க மாஸ்டர். ரெண்டு மாசம் நானே அப்படித்தான் நெனச்சேன். தடவிக் குடுத்து அதுகிட்ட பேசிக்கூட இருக்கேன்."

சொன்ன பிறகு அவமானமாக இருந்தது. எரிச்சலோடு பையிலிருந்து தாளை உருவி மெஷின் பக்கத்தில் விரித்தாள். ஒரே நீள மேசையில் எட்டு மெஷின்கள் ஓடின. பேனா தாளில் நிற்காமல் துள்ளியது. "சனியன் பிடிச்ச மேசை!"

பாக்கெட் எட்டிப் பார்த்தாள். கர்ப்பப்பையை எடுக்கச் சம்மதம் என்ற அந்த ஒரு வரியை வாய்க்குள்ளேயே படித்தாள். தன் காலைப் பெடலிலிருந்து எடுத்தாள்.

"ஏய், நிறுத்துங்கடி. அவ கையெழுத்து போடணும்."

சாப்பாட்டு மணிக்குக்கூட நிற்காத மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. யாரும் அவளைப் பார்க்கவில்லை. மேசை இப்போது துளியும் ஆடவில்லை. பேனா முனை தாளைத் தொட்டது. தொட்ட இடத்தில் மை மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.