இன்றிரவு மூட வேண்டாம்

செப்டம்பரின் மூன்றாவது வியாழக்கிழமை காலையில் ஹார்லன் தன் நர்சரியில் சாமந்திகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கறுப்புக் கால்சட்டையை ரப்பர் பூட்ஸுக்குள் செருகியிருந்தார். கறுப்புக் கோட்டு கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. பூவில் படாமல் அடியில் விட வேண்டும். பூ நனைந்தால் இரண்டு நாளில் பழுப்பாகிவிடும்.

மகன் ரோல்ஃப் வீட்டுப் பக்கமிருந்து வந்தான்.

"அப்பா, கிளம்பணும். இன்னைக்கு ஒரு நாள் விட்டா செத்தா போயிடும்?"

சொல்லிவிட்டு அவன் வாயை மூடிக்கொண்டான்.

"தொட்டிச் செடி," என்றார் ஹார்லன். "போயிடும்."

வாசலில் ரோல்ஃப் சங்கிலி கட்டி, மூடியிருப்பதாக அட்டை தொங்கவிட்டிருந்தான். அப்படியும் காலையிலிருந்து மூன்று கார்கள் வந்துவிட்டன. மூன்றும் அவர் மனைவி ஆர்டிஸின் அடக்கத்துக்குப் பூ வாங்க வந்தவை. ஊரில் வேறு நர்சரி இல்லை. எதை எடுக்கலாம் என்று அவரிடம் கேட்டார்கள். அதைச் சொல்வது எப்போதும் ஆர்டிஸின் வேலை.

"மொட்டா இருக்கறதை எடுங்க," என்றார். "ரொம்ப நாள் வரும்."

அவர்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி அழுதாள்.

திங்கட்கிழமை மதியம் புதர்ச் செடி வரிசைகளுக்கு நடுவில் ஆர்டிஸ் விழுந்தாள். ஹார்லன் கடைசி வரிசையில் டிராக்டரில் மேப்பிள் கன்றுகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தார். எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் கையை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தார். "உங்க வீட்டம்மா கீழ உட்கார்ந்திருக்காங்க," என்றார். ஹார்லன் எஞ்சினை அணைத்தார். உட்கார்ந்திருக்கிறாள் என்றதால் அவர் ஓடவில்லை. நடந்துதான் போனார்.

*

தேவாலயத்தில் சவப்பெட்டியின் இருபுறமும் அவருடைய சாமந்திகள் நின்றன. இடது பக்கம் மூன்றாவது தொட்டிச் செடி தளர்ந்திருந்தது. மண் காய்ந்திருக்க வேண்டும். பாதிரியார் பேசியதெல்லாம் முடியும்வரை ஹார்லன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் காற்று வடமேற்கிலிருந்து வீசியது. பெண்கள் தொப்பியைப் பிடித்துக்கொண்டார்கள். மேகம் கனமாக இருந்தது. பெட்டியை இறக்கும்போது காற்று தணிந்தது. பிறகு நின்றுவிட்டது. ஹார்லன் நிமிர்ந்து பார்த்தார். மேகத்தின் ஓரம் வடமேற்கில், தானியக் கிடங்குக்கும் அப்பால், நேர்கோடாகத் தெரிந்தது. அதற்குக் கீழே வெளிர்நீலம். மூக்கின் உள்பக்கம் வறண்டது.

இன்று ராத்திரி உறைபனி விழும் என்று அவருக்குத் தெரிந்தது.

மண் அள்ளிப் போடும்படி ரோல்ஃப் முழங்கையைத் தொட்டான். அவர் அள்ளினார். நல்ல களிமண்.

நாற்பது வருடமாக அது இப்படித்தான் நடந்தது. செப்டம்பர் வந்துவிட்டால் சாயங்காலங்களில் ஹார்லன் முற்றத்தில் போய் நிற்பார். உறைபனி வருமென்றால் திரும்பி உள்ளே வந்து தலையை அசைப்பார். அவ்வளவுதான். ஆர்டிஸ் போனை எடுப்பாள். எண்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். "மேவிஸ், இன்னைக்கு மூடிடு." "ஓர்வில், தக்காளியை மூடு. இல்ல, பறிச்சு ஊறுகாய் போடு, எனக்கென்ன." செடிகள் பனியில் கருகாமல் மூட, ஊர் முழுக்கப் பழைய படுக்கை விரிப்புகள் வெளியே வரும். வானொலியில் என்ன சொன்னாலும் ஆர்டிஸ் கூப்பிட்டால்தான் மூடுவார்கள்.

ஒருமுறை ஒரு கல்யாண விருந்தில் அவள் எழுந்து ஒரு மேசையில் போய் அதைச் சொன்னாள். கேக் வெட்டுவதற்குள் பாதிக் கூடம் காலி. மணமகனின் தகப்பனே போய்விட்டார்.

*

அடக்கத்துக்குப் பிந்தைய சாப்பாடு தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில். பன்றித்தொடைக் கறி வைத்த பன், உருளைக்கிழங்கு சாலட், பெரிய பாத்திரத்தில் காபி. ஜன்னல்கள் கூரையை ஒட்டி, கையகலத்தில் இருந்தன. வானம் தெரியாது. வெளியே நிறுத்தியிருந்த கார்களின் சக்கரங்கள்தான் தெரிந்தன.

ஒரு மணிக்கு ரோல்ஃப் எழுந்தான். வெயில் ஊரான ஃபீனிக்ஸுக்கு அவன் திரும்பிப் போக வேண்டும். விமானத்துக்கு மூன்று மணி நேரம் கார் ஓட்ட வேண்டும்.

"நாளைக்கு ராத்திரி போன் பண்றேன்பா."

"சரி."

"குளிர்காலத்துக்கு அங்க வந்துடுங்க. அங்க மூடற வேலையே கிடையாது."

"பார்க்கலாம்."

ரோல்ஃப் அவர் தோளில் கை வைத்தான். எடுத்தான். ஜன்னலில் அவனுடைய சக்கரங்கள் பின்னால் உருண்டு, திரும்பி, மறைந்தன.

மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எதிரே ஓர்வில். பால் பண்ணையை விற்றுவிட்டு வருடத்துக்கு இரண்டு மரம் நட்டு இரண்டையும் பறிகொடுப்பவன். பக்கத்தில் மேவிஸ். அவளும் ஹார்லனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள்.

"ஆர்டிஸ் வித்த ஒரு செடிகூடத் தானாச் செத்ததில்ல," என்றான் ஓர்வில். "எல்லாத்தையும் நான்தான் கொன்னேன்."

"அது அவளுக்கும் தெரியும்," என்றாள் மேவிஸ். "உன் தலையைப் பார்த்தாலே செடிங்களை உள்ள தூக்கி வைன்னு சொல்லுவா."

சிரித்தார்கள். ஹார்லனும் வாயை அசைத்தார்.

மேவிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஹார்லன், இன்னைக்கு ராத்திரி எப்படி?"

மேசையில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பக்கத்து மேசையும் திரும்பியது. இதுவரை யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை.

"ராத்திரி பூரா மேகம், பனி விழாதுன்னு போட்டிருக்கான்," என்று ஓர்வில் போனைக் காட்டினான்.

"அவன் கிடக்கான். எங்கயோ ரூமுக்குள்ள உட்கார்ந்துட்டுச் சொல்றான். ஹார்லன் சொல்லட்டும். சனிக்கிழமை பேத்தி கல்யாணம். டாலியா எல்லாம் நம்ம தோட்டத்துப் பூதான் வேணும்னுட்டா. கடையில எதுவும் சொல்லல. ஓடை ஓரமா ஒரு வரிசை நிக்குது, அந்தக் கருஞ்சிவப்பு. வசந்தத்துல ஆர்டிஸ் எடுத்துக் கொடுத்த கிழங்கு."

ஓடை ஓரம் பள்ளம். குளிர் முதலில் அங்கேதான் இறங்கும்.

ஹார்லன் அவர்களுடைய கோப்பைகளைப் பார்த்தார். எல்லாவற்றிலும் பாதிக் காபி இருந்தது. ஆமாம் என்றால் நாற்காலிகள் நகரும். கோட்டுகளைத் தேடுவார்கள். ஒவ்வொருவரும் அவர் கையைப் பிடித்து வருத்தம் சொல்வார்கள், அவசரமாக. பிறகு சமையலறையில் பாத்திரம் கழுவும் பெண்கள் மட்டும். பிறகு அவர்களுக்கும் தோட்டம் உண்டு.

"இல்ல," என்றார்.

"இல்லையா?"

"இன்னைக்கு மூட வேண்டாம்."

"அப்பாடா," என்றாள் மேவிஸ். நாற்காலியில் சாய்ந்தாள். "இந்த முட்டியை வெச்சுக்கிட்டு அத்தனை போர்வையையும் எப்படித் தூக்கிட்டுப் போறதுன்னு இருந்தேன்."

ஓர்வில் எழுந்து போய் காபிக் குடுவையை எடுத்து வந்தான்.

"பீச் மரக் கதை உனக்குத் தெரியுமா, ஹார்லன்? நீ அன்னைக்கு இல்ல. ஒரு பீச் கன்னு வேணும்னு போய் நின்னேன். இந்தக் குளிருக்கு நிக்காது, தரமாட்டேன்னுட்டா. காசு தரேன் ஆர்டிஸ், எனக்குத்தானேங்கறேன். பீச் வேணும்னா வீட்டை ஜார்ஜியாவுக்கு மாத்து, அங்க வந்து நானே நட்டுத் தரேங்கறா. பின்னாடி வரிசையில பத்துப் பேர். எல்லாரும் சிரிக்கறாங்க."

"அப்புறம்?" என்றார் ஹார்லன்.

"அப்புறம் என்ன. ஒரு பிளம் கன்னைத் தலையில கட்டினா. அதையும் கொன்னேன்."

ஹார்லன் சிரித்தார். திங்கட்கிழமைக்குப் பிறகு முதல் முறை. சத்தம் அவருக்கே புதிதாக இருந்தது. யாரோ சீட்டுக்கட்டு எடுத்து வந்தார்கள். மேவிஸ் ஆர்டிஸின் பள்ளிக்கூட நாட்களைச் சொன்னாள். ஆர்டிஸ் ஒரு நாடகத்தில் மரமாக நின்றதாம். அசையாமல் நிற்கச் சொன்னால் பேசிவிட்டாளாம். இது ஹார்லனுக்குத் தெரியாது. அவர் அப்போது அதே பள்ளியில்தான் இருந்தார்.

ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளானது. அவர் அதைப் பார்க்கவில்லை. சீட்டைப் பார்த்தார்.

*

வெளியே வந்தபோது மேற்கு முழுவதும் துடைத்ததுபோல் இருந்தது. கொடிக்கம்பத்தில் கொடி அசையவில்லை. மேவிஸ் கார்க் கதவைத் திறந்துகொண்டு மேலே பார்த்தாள்.

"மேகம் விலகிடுச்சே."

"திரும்பி வரும்," என்றார் ஹார்லன்.

அவள் அவருடைய கையை அழுத்தினாள்.

"நீ சொன்னா சரி. சாப்பிடு. சாப்பாடு கட்டிக் கொடுத்த டப்பாவை மறந்துடாம எடுத்துட்டுப் போ."

அவர் வாயைத் திறந்தார். அவள் கதவைச் சாத்திவிட்டாள்.

நர்சரியில் சங்கிலியை அவிழ்த்து, உள்ளே போய், மறுபடி கட்டினார். சாமந்திகள் உறைபனியைத் தாங்கும். தொங்கும் கூடைகளில் இருந்த பிகோனியாக்கள் தாங்காது. கொட்டகையிலிருந்து வெள்ளைத் துணிச் சுருளை எடுத்து வந்தார். ஒரு முனையைக் கம்பத்தில் கட்டினார். சாலையில் ஒரு கார் வேகம் குறைத்துப் போனது.

வெள்ளைத் துணி சாலையிலிருந்து தெரியும். ஊரில் பலர் அதைப் பார்த்துத்தான் மூடுவார்கள்.

முடிச்சை அவிழ்த்தார். துணியைச் சுருட்டிக் கொட்டகையில் வைத்தார். பிகோனியாக்களை அப்படியே விட்டார்.

சமையலறையில் விளக்கைப் போட்டு போனை எடுத்தார். நீண்ட ஒலி கேட்டது. மேவிஸின் எண் தெரியாது. தேடினால் கிடைக்கும். கிடைத்தால், மேவிஸ் முதலில் கேட்கப்போவது ஒரே கேள்வி. போனை வைத்தார். டப்பாவைத் திறந்தார். உருளைக்கிழங்கு சாலட். நின்றுகொண்டே கொஞ்சம் சாப்பிட்டார். பிறகு ஒரு தட்டை எடுத்து உட்கார்ந்து சாப்பிட்டார். வீட்டில் குளிர்பெட்டி ஓடும் சத்தம் இவ்வளவு பெரிது என்று அவர் கவனித்ததில்லை.

உடை மாற்றாமல் நாற்காலியிலேயே தூங்கினார்.

*

விழித்தபோது இருட்டு சாம்பல் நிறமாகியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே புல் வெள்ளையாக இருந்தது.

பிகோனியாக்களைப் பார்க்காமல் கடந்தார். டிரக்கின் பின்னால் தண்ணீர்த் தொட்டியை ஏற்றி, கிணற்றுக் குழாயைத் திறந்தார். கிணற்றுத் தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் படுவதற்கு முன் உறைபனியைக் கழுவிவிட்டால் செடி சில சமயம் பிழைக்கும். எப்போதும் இல்லை. தொட்டி நிரம்பும்வரை நின்றார். மூச்சு புகையாக வந்தது.

ஊரில் எந்தத் தோட்டத்திலும் துணி இல்லை. ஓர்வில் வீட்டுத் தக்காளிகள் கம்பங்களில் வெறுமனே நின்றன. இத்தனை வருடத்தில் உறைபனி விழுந்த காலையில் ஊரை அவர் இப்படிப் பார்த்ததில்லை. வண்டியை நிறுத்தாமல் ஓட்டினார். ஒரு தொட்டி ஒரு வரிசைக்குத்தான் வரும்.

மேவிஸின் வீட்டுக்குப் பின்னால் விளக்கை அணைத்துவிட்டு வண்டியை இறக்கினார். ஓடை ஓரத்தில் டாலியாக்கள் வரிசையாக நின்றன. இலைகள் கண்ணாடிபோல் விறைத்திருந்தன. இதழ்களின் விளிம்பில் வெள்ளைக் கோடு. கீழ்ப்பூக்களில் சில ஏற்கெனவே நிறம் மாறியிருந்தன. குழாயை எடுத்து முதல் செடியிலிருந்து தொடங்கினார். மெதுவாக, மேலிருந்து கீழே, பூவின் மேலேயே. வெள்ளை கரைந்தது. கருஞ்சிவப்பு வெளியே வந்தது. எது பிழைக்கும் என்று மதியம் வரை தெரியாது.

தானியக் கிடங்கின் உச்சியில் வெயில் பட்டது. பிறகு பாதி வரை இறங்கியது. பாதி வரிசை முடிந்திருந்தது. விரல்களில் உணர்வு இல்லை. அவர் வேகமாக்கவில்லை. வேகமாக்கினால் தண்டு முறியும்.

பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

மேவிஸ் படிகளில் நின்றாள். இரவு உடைக்கு மேல் ஒரு ஆண்பிள்ளைக் கோட்டு. வெள்ளையான புல்லைப் பார்த்தாள். டிரக்கைப் பார்த்தாள். நனைந்த செடிகளையும் நனையாத செடிகளையும் பார்த்தாள். ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். புல் அவள் காலடியில் நொறுங்கியது. வரிசையின் மறுபக்கம் வந்து நின்றாள்.

அவர் அடுத்த செடிக்கு நகர்ந்தார். அவருடைய கறுப்புக் கால்சட்டை முட்டிவரை நனைந்திருந்தது. அவள் அதையும் பார்த்தாள்.

"ஹார்லன்," என்றாள். "நேத்து நான் கேட்டப்பவே உனக்குத் தெரியுமா?"