சுடாத கூஜா

பெரியவள் மாட்டிக்கொள்ள வேண்டும். அதுவும் அடுத்தவர் சொல்லி அல்ல, தன் வாயாலேயே. அந்த வருடம் சின்னவளுக்குப் படிப்பைத் தவிர ஒரு லட்சியம் இருந்ததென்றால் அது இதுதான்.

பெரியவள் என்பது பெரியப்பாவின் மகள். இரண்டு வயது மூத்தவள். சிறு வயதிலிருந்தே அவளுக்கு ஒரு பழக்கம்: கேட்கமாட்டாள், எடுத்துக்கொள்வாள். ஐந்தாம் வகுப்பில் சின்னவள் வரைந்த மயிலுக்குக் கீழே அவள் பெயர் ஏறியது. எட்டாம் வகுப்பில் சின்னவள் ராப்பகலாக எழுதிய கட்டுரையை மேடையில் முழங்கிக் கோப்பை வாங்கினாள். அந்தக் கோப்பையை வீடுவரை சுமந்து வந்ததும் சின்னவள்தான்.

கடல் தாண்டிப் படிக்கக் கிளம்பியபோது, அதே பல்கலைக்கழகத்தில் பெரியவள் ஏற்கெனவே இருந்ததால் வீட்டில் யாருக்கும் கவலையில்லை. அக்கா பார்த்துக்கொள்வாள் என்றார்கள். அக்கா நன்றாகவே பார்த்துக்கொண்டாள். இரண்டு அறைக் குடியிருப்பில் ஜன்னல் இருந்த அறை அவளுக்கு. சமையலறைத் தொட்டியில் குவியும் பாத்திரம் சின்னவளுக்கு.

வீட்டில் இருந்தால்தானே வேலை வைப்பாள் என்று சின்னவள் வெளியே என்னென்ன உண்டோ அத்தனையிலும் பெயர் கொடுத்தாள். நீச்சல் குளத்தில் பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பினாள். சைக்கிள் பழகப் போய் ரொட்டிக்கடைப் பலகையோடு சேர்ந்து கவிழ்ந்தாள். சுவர் ஏறும் கூடத்தில் உச்சிவரை சரசரவென்று ஏறிவிட்டாள். இறங்கத்தான் தெரியவில்லை, இரண்டு பேர் ஏறி வந்து இறக்கினார்கள். சேர்ந்திசைக் குழுவில் அவளை மட்டும் தனியாக அழைத்து, வாயை அசைத்தால் போதும், சத்தம் வேண்டாம் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

கடைசியாகப் போய் விழுந்த இடம், பொறியியல் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த மண்பாண்டப் பட்டறை. ஆறு சக்கரங்கள், ஒரு மின்சூளை, அதற்குக் காவலாக ஒரு மனிதர். மார்புவரை தாடி, தாடியெல்லாம் களிமண். இவள் மனதுக்குள் வைத்த பெயர் தாடி. சக்கரத்தில் மண்ணை வைத்துக் கையை நனைத்துத் தொட்ட முதல் நாளே சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்த ஒன்று நமக்கு வரும்.

விஷயம் தெரிந்ததும் பெரியவளும் வந்து சேர்ந்தாள். வேலைக்கு விண்ணப்பம் போடும்போது 'கலை ஆர்வம்' என்று ஒரு வரி எழுதலாமாம். மூன்று வகுப்புக்கு வந்தாள். நகப்பூச்சு போகிறது என்று நின்றுவிட்டாள்.

நான்காவது வகுப்புத்தான் சூளைப் பாடம். சுட்ட பானைக்கும் சுடாத பானைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாடி அன்றுதான் காட்டினார். நகத்தால் ஒரு சுண்டு. சுட்டது 'ணங்' என்றது. சுடாதது 'டப்' என்று, மூடிய கதவைத் தட்டினாற்போல் ஊமையாக ஒலித்தது. பெரியவள் அன்று நகம் வளர்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பருவ முடிவில் பட்டறைக் கண்காட்சி வந்தது. சின்னவள் ஒரு நீலக் கிண்ணம் செய்திருந்தாள். ஒன்றல்ல, பதினேழு செய்து பதினாறை உடைத்து மிஞ்சிய ஒன்று. தாடி விடுப்பில் இருந்த மாதம் அது, அவள் கையைக் கவனித்தவர் யாருமில்லை. அடியில் செய்தவர் அடையாளம் கீற வேண்டும் என்பது புதுசான அவளுக்கு அப்போது தெரியாது. கண்காட்சி அன்று நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். பெரியவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், போர்வையை இழுத்துவிட்டாள், கிண்ணத்தைத் தானே கொண்டுபோய் வைப்பதாகச் சொன்னாள். கொண்டுபோய் வைத்தாள். பெயர்ச்சீட்டில் தன் பெயரை எழுதி.

கிண்ணம் முதல் பரிசு பெற்றது. கண்ணாடி அலமாரியில் பெரியவளின் பெயரோடு குடியேறியது. பல்கலைக்கழகப் பத்திரிகையில் படம் வந்தது. பெரியப்பா அந்தப் படத்தைச் சொந்தத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் அனுப்பினார். காய்ச்சல் விட்டு எழுந்த சின்னவளுக்கு அம்மாவிடமிருந்து ஃபோன் வந்தது. படிப்பிலும் முதல், கைவேலையிலும் முதல், அக்காவைப் பார்த்துக் கற்றுக்கொள் என்றாள் அம்மா. அது தன் கிண்ணம் என்று சின்னவள் சொன்னாள்.

"ஏன்டி இப்படிப் பொறாமை பிடிச்சு அலையுற?" என்றாள் அம்மா. "அவ உன்னைக் கூட வெச்சுப் பார்த்துக்கறா. அதுக்காவது நன்றி வேணாம்?"

பெரியவள் திருடியதுகூட வலிக்கவில்லை. பெற்றவள் நம்பாததுதான் நெஞ்சில் ஆணியாக இறங்கியது. தான் எத்தனை முறை சொன்னாலும் பொறாமை என்பார்கள். அந்தக் கிண்ணம் யாருடையது என்று பெரியவளே சொல்ல வேண்டும். அம்மா கேட்கச் சொல்ல வேண்டும். சின்னவள் அன்று அழவில்லை. பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு யோசிக்க ஆரம்பித்தாள்.

வருட முடிவுக் கண்காட்சிக்கு மூன்று வாரம் இருந்தது. ஜெயித்தவருக்குக் கோடை மூன்று மாதமும் பட்டறைச் சாவி. அந்தப் பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. அழகு பார்ப்பதெல்லாம் அப்புறம். முதலில் ஒவ்வொரு பாத்திரத்தையும் வெள்ளைத் தாளின்மேல் வைத்துத் தண்ணீர் ஊற்றிக் கால்மணி நேரம் விட்டுவிடுவார்கள். தாள் நனையாவிட்டால்தான் போட்டியில் இடம். தண்ணீர் தாங்காததைப் பாத்திரம் என்று சொல்லாதே என்பது தாடியின் கொள்கை.

சின்னவள் ஒரு பை மண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பட்டறையில் செய்தால் தாடியின் கண்ணுக்குத் தப்பாது. படுக்கையறை மேஜைமேல் விரல் தடிமனில் மண்ணைத் திரித்துச் சுற்றிச் சுற்றி அடுக்கி ஒரு கூஜா எழுப்பினாள். ஒட்டகக் கழுத்து, உருண்ட வயிறு. செம்மண் குழம்பு பூசி, பாதி காய்ந்த பதத்தில் ஸ்பூனின் முதுகால் தேய்க்க ஆரம்பித்தாள். மூன்று நாள் தேய்த்தாள். ஒவ்வொரு தேய்ப்பிலும் ஒரு மயில், ஒரு கட்டுரை, ஒரு நீலக் கிண்ணம். கூஜா கண்ணாடிபோல் மின்னியது. முகம் தெரிந்தது. நன்றாகத் தேய்த்த பச்சை மண் சுட்ட மண்ணைவிடப் பளபளக்கும் என்பது நான்காவது வகுப்புக்கு வந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பெரியவள் தினமும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். கூஜா ஈரம் காய்ந்ததும் சின்னவள் அதைத் துணியில் சுற்றிச் சூளைக்கு என்று எடுத்துப் போனாள். இரண்டு நாள் கல்லூரி லாக்கரில் பூட்டி வைத்தாள். மூன்றாம் நாள் எடுத்துவந்து அதே மேஜையில் வைத்தாள்.

"பிரமாதமா வந்திருக்கேடி," என்றாள் பெரியவள். கண் கூஜாவை விட்டு நகரவில்லை. "போட்டிக்கா?"

"இல்லக்கா. எனக்குத் திருப்தி இல்ல. குட்டியா ஒரு டம்ளர் செஞ்சிருக்கேன், அதைத்தான் வைக்கப்போறேன். நீ இதைத் தொடாத, என்ன?"

"நான் எதுக்குடி தொடப்போறேன்?" என்று சிரித்தாள் பெரியவள்.

தொடாதே என்று சொல்லியாகிவிட்டது. நாளைக்கு ஊரே கூடிக் கேட்டாலும் சின்னவள் நெஞ்சில் கைவைத்து அதைச் சொல்லலாம்.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை பெரியவள் என்றுமில்லாத திருநாளாகக் காபி போட்டுக் கொடுத்தாள். சர்க்கரைகூடச் சரியாக இருந்தது. சின்னவள் கசங்கிய சட்டையை எடுத்ததும் பிடுங்கி இஸ்திரி போட்டாள். சின்னவள் காபியைக் கீழே வைத்தாள். சொல்லிவிடலாமா? அது சுடாத கூஜா அக்கா, எடுத்துக்கொண்டு போகாதே என்று ஒரு வார்த்தை. வாயைத் திறக்கப் போனாள். ஆனால் பெரியவள் ஃபோனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"சின்னவளா? ஏதோ ஒரு டம்ளர் வைக்கிறாம்மா. பாவம், அவளுக்குக் கை வராது. நான் ஒரு கூஜா செஞ்சிருக்கேன், பாரு, அசந்துடுவே. வீடியோல காட்டறேன். சித்தியையும் சித்தப்பாவையும் கூட உக்கார வெச்சுக்கோ."

சின்னவள் மிச்சக் காபியைத் தொட்டியில் ஊற்றினாள். திறக்கப் போன வாயை மூடிக்கொண்டாள்.

ஒன்பது மணிக்குக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். வெளிக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வந்து பார்த்தால் மேஜைமேல் கூஜா இல்லை. பெரியவளின் கம்பளிச் சால்வையும் இல்லை. ஜெயித்தாயிற்று என்று ஜன்னலுக்குப் போனாள். வெளியே தூறல்.

பச்சை மண். நாலு துளி ஊறினாலே குழைந்துவிடும். தெருவிலேயே கரைந்து தொலைத்தால் யார் பார்ப்பார்கள்? மூன்று நாள் தேய்ப்பு, மூன்று வாரத் திட்டம், எல்லாம் சாக்கடையோடு போய்விடும். சின்னவள் செருப்புக்கூடப் போடாமல் நாலு மாடி இறங்கி ஓடினாள். பேருந்து நிறுத்தத்துக்குப் பாதி வழியில், குழந்தையைப்போல் ஒரு மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தவளை மறித்தாள்.

பெரியவள் முகம் வெளிறிப்போனது.

"அக்கா, குடை," என்றாள் சின்னவள், மூச்சு வாங்க.

பெரியவள் குடையையும் அவள் வெறுங்காலையும் மாறி மாறிப் பார்த்தாள். மூட்டை நூலகப் புத்தகங்கள் என்றாள், கேட்காமலேயே. நனைந்தால் வீணாகிவிடும், பத்திரம் என்று சின்னவள் அவள் தலைக்குமேல் குடையை விரித்துக் கையில் கொடுத்தாள். அதைவிட உண்மையான வார்த்தையை அவள் அந்த வருடம் பேசியதில்லை.

கண்காட்சிக் கூடத்தில் நீள மேஜைகள், வெள்ளைத் தாள்கள். முப்பது பாத்திரங்களின் நடுவே கூஜா ராணிபோல் உட்கார்ந்திருந்தது. எதிரே பெரியவளின் பெயர்ச்சீட்டு. பக்கத்தில் தாங்கியில் நிறுத்திய ஃபோனில் பெரியப்பா, பெரியம்மா, அம்மா, அப்பா என நான்கு முகங்கள் நெருக்கிக்கொண்டிருந்தன. பத்திரிகைப் படக்காரர் குனிந்து குனிந்து எடுத்தார். சின்னவள் உள்ளே வந்ததைப் பெரியவள் பார்த்தாள். பக்கத்தில் வந்து காதோடு சொன்னாள்.

"நீதான் வைக்கலேன்னு சொன்னியே. சும்மா வீணா போகுதேன்னுதான். வீட்டுல போய்ப் பேசிக்கலாம், என்ன?"

சின்னவள் தலையாட்டினாள்.

தாடி செம்போடு வரிசையாக ஊற்றிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு பாத்திரத்திலும் தண்ணீர் விழும்போது ஒரு ஒலி எழும். கூஜாவில் எழவில்லை. தாடியின் கை ஒரு நொடி நின்றது. புருவத்தைத் தூக்கிப் பெரியவளைப் பார்த்தார். அவள் படக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். போட்டி வழக்கம் வழக்கம்தான். தாடி கழுத்துவரை ஊற்றிவிட்டு நகர்ந்தார்.

முதல் நிமிடம் ஒன்றுமில்லை. அடுத்ததில் உள்ளிருந்து குமிழ்கள் வரும் சத்தம் கேட்டது. மூன்றாவதில் தாளில் ஒரு சிவப்பு வட்டம் விரிந்தது. யாரோ அடி வெட்டியதுபோல் கூஜா மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது, வயிறு மடங்கியது, ஒட்டகக் கழுத்து அதன்மேல் தலைகுப்புறக் கவிழ்ந்தது. அடக்கி வைத்த தண்ணீர் மொத்தமும் சேறாக மேஜையைத் தாண்டிப் பெரியவளின் வெள்ளை உடுப்பில் வழிந்தது. படக்காரர் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார்.

தாடி வந்தார். எந்த நாள் சூளையில் வைத்தாய் என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை என்றாள் பெரியவள். செவ்வாய்க்கிழமை சூளை பழுதாகிப் பிரித்துப் போட்டிருந்தது என்றார் தாடி. கூடத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் வேலை செய்தது. பெரியவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒரு மூலையில் டம்ளரோடு நின்ற சின்னவள் கண்ணில் பட்டாள். அவ்வளவுதான், அந்த ஊர் மொழியெல்லாம் மறந்து தாய்மொழி வெடித்தது.

"இது நான் செஞ்சதே இல்ல. அவ செஞ்சது. வேணும்னே சுடாம வெச்சு என்னை மாட்டிவிட்டிருக்கா, சண்டாளி. நான் செஞ்சிருந்தா இப்படியா ஆகியிருக்கும்?"

அங்கே கூடியிருந்தவர்களில் அது புரிந்தது சின்னவளுக்கு மட்டும். ஆனால் ஃபோனுக்கு நன்றாகப் புரிந்தது. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார். பெரியம்மா வாயைப் பொத்தினாள். அவர்களுக்குப் பின்னாலிருந்து அம்மா முன்னால் வந்தாள். திரை முழுக்க அவள் முகம்.

"கூஜா அவ செஞ்சதுன்னா," என்றாள் அம்மா, நிதானமாக, "அந்த நீலக் கிண்ணம் யார் செஞ்சதும்மா?"

பெரியவள் ஃபோனைக் கவிழ்க்கப் போனாள். கையெல்லாம் சேறு, வழுக்கியது. சின்னவள் வந்து அதை நேராக எடுத்து நிறுத்தினாள்.

"சொல்லுக்கா. அம்மா கேக்கறாங்கல்ல?"

பெரியவள் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, கேட்டும் கேட்காததுமாக, "அவதான்" என்றாள்.

அம்மா திரையில் சின்னவளைத் தேடினாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. சின்னவளுக்கு ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. இன்னும் கொஞ்சம் கலங்கட்டும் என்றிருந்தது.

சாவி அவளுக்குக் கிடைக்கவில்லை. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவரின் தேநீர்க் கெட்டில் வாங்கிக்கொண்டு போனது. அதோடு, நடந்ததையெல்லாம் சின்னவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட தாடி, சேற்றைத் துடைக்கும் வேலையை அவள் தலையிலேயே கட்டினார். மண்ணை இப்படி வீணடித்தது அவருக்குப் பிடிக்கவில்லை. துடைத்து முடிக்கும்வரை கைகட்டி நின்றவர், பிறகு கண்ணாடி அலமாரியைத் திறந்து, பழைய சீட்டை எடுத்துவிட்டு வெற்றுச் சீட்டையும் பேனாவையும் அவளிடம் நீட்டினார். சின்னவள் தன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினாள்.

வாடகை ஒப்பந்தம் முடிய இன்னும் நாலு மாதம். இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தாக வேண்டும். பெரியவள் ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் காலை சின்னவள் காபி போட்டு, தானே செய்த புதுக் கோப்பையில் ஊற்றப் போனாள். பெரியவள் கை நீட்டித் தடுத்தாள். வெற்றுக் கோப்பையை வாங்கிக் காதோரம் வைத்து, யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டவள்போல் நகத்தால் சுண்டினாள்.

ணங்.

சந்தேகம் தீராமல் இன்னொரு முறை சுண்டினாள். பிறகுதான் ஊற்றச் சொல்லி நீட்டினாள்.

சின்னவள் ஊற்றினாள். ஆறில் மீதி ஐந்து கோப்பைகளும் சூளையில் இருக்கின்றன, நாளைக்கு வந்ததும் சுண்டிப் பார்த்துக்கொள் என்றாள்.