சடைச்சி யாருடையவள்

நான் வெள்ளையடிக்கிறவன். சுண்ணாம்பு அடித்துத் தேய்ந்துபோன நார் மட்டை ஒன்றை என் மகள் பாஞ்சாலை பொம்மையாக எடுத்துக்கொண்டாள். நாரைச் சீவிச் சடை பின்னி, பிடியில் கரியால் கண் எழுதி, சடைச்சி என்று பேரும் வைத்தாள். அது பக்கத்தில் இல்லாவிட்டால் தூங்கமாட்டாள்.

வேங்கிக்காலில் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார் சக்கரவர்த்தி, ஐந்தாவது முடித்துப் போகிற பிள்ளைகளுக்கு ஞாபகமாக அவரவர் ஆசைப் பொம்மையைப் படம் வரைந்து தருவதாகச் சொன்னார். பாஞ்சாலை சடைச்சியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். படம் மாட்டுகிற ஹாலுக்கு வெள்ளையடித்ததும் நான்தான்.

விழாவன்று போனோம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே சுவரில் கரிக்கோலால் எழுதியிருந்தது. அறிவொளி வகுப்பில் படித்தவன், எழுத்துக் கூட்டிக்கொண்டே வந்தேன். கவிநிலாவின் கரடி. இளஞ்செழியனின் ரயில். சடைச்சியை அச்சாக வரைந்திருந்தார். நாரில் ஒட்டிய சுண்ணாம்பைக்கூட விடவில்லை. கீழே, ‘ஓர் ஏழைச் சிறுமியின் பொம்மை.’

எனக்கு முன்பே படித்துவிட்ட பாஞ்சாலை என் கையை இழுத்தாள்.

“ஏழைச் சிறுமி யாருப்பா? எஞ் சடைச்சிய எதுக்கு அவளுக்குக் குடுத்தாங்க?”

வாத்தியாரிடம் கேட்டேன். பேர் போட்டால் பிள்ளை கூச்சப்படும், இப்படி எழுதினால் பார்க்கிறவர்கள் மனசு இளகும் என்றார். கவிநிலாவின் அப்பா ராஜேந்திரன், கலெக்டர் ஆபீஸில் வேலை, இதுக்கெல்லாமா சண்டை என்று சிரித்தார்.

“அப்ப கரடிக்குக் கீழ ஆபீசர் மகள் பொம்மைனு எழுதட்டுங்களா?” என்றேன். சிரிப்பு நின்றது. வாத்தியார் பக்கம் திரும்பினேன். “எங்ககிட்ட எது கம்மின்னாலும் பேரு கம்மி இல்லீங்க சார்.”

விழா முடியட்டும், மாற்றிவிடலாம் என்றார். நான் நிற்கவில்லை. ஹாலுக்குப் பின்னால் வாளியில் மீந்திருந்த சுண்ணாம்பைக் கரைத்து வந்து அங்கே கிடந்த மட்டையால் அந்த வரிமேல் இரண்டு இழுப்பு இழுத்தேன்.

“மறையலியே,” என்றார் ராஜேந்திரன்.

“காயட்டுங்க.”

ஈரச் சுண்ணாம்பு அப்படித்தான், அடியில் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். நின்றேன். காயக் காய ஏழைச் சிறுமி போய்விட்டாள். வாத்தியாரின் கரிக்கோலை வாங்கிப் பாஞ்சாலையிடம் கொடுத்தேன். ‘பாஞ்சாலையின் சடைச்சி’ என்று கரடியைவிடப் பெரிய எழுத்தில் எழுதினாள்.

சாயங்காலம் படத்தைக் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஆணி அடிக்கத் திருப்பினேன். பின்பக்கம் அதே ‘ஏழைச் சிறுமி’ வரி, அழியாத மையில்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. படத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இந்த முறை அடித்து எழுத வேண்டிய கை சக்கரவர்த்தியுடையது.